மறதி நோய் உள்ள பெரியவர் முதியோர் இல்லத்தில் வாழும்போது: அவர் விருப்பமும் வீட்டாரின் பங்கும் – முழுமையான வழிகாட்டி

டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்று டாக்டர் எழுதிக் கொடுத்த அன்றே பல வீடுகளில் ஒரு முடிவு தானாக விழுந்துவிடுகிறது: இனி இவருக்கு ஒன்றும் தெரியாது, எல்லாவற்றையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். முதியோர் இல்லத்தில் சேர்த்த பிறகு அந்தப் பொறுப்பு முழுவதும் ஊழியர்கள் கைக்குப் போகிறது. எப்போது எழுவது, எந்தப் புடவை, காபியா டீயா, யார் பக்கத்தில் உட்காருவது, எல்லாமே வேறு யாரோ தீர்மானிக்கிற விஷயமாகிவிடுகின்றன. நோய் இன்னும் எடுத்துக்கொள்ளாததை நாம் முந்திக்கொண்டு எடுத்துவிடுகிறோம்.

முடிவெடுக்கும் திறன் ஒரே நாளில் மொத்தமாகப் போவதில்லை. ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாகத்தான் அது குறைகிறது. நிலத்தை விற்கும் பத்திரத்தைப் புரிந்துகொள்ள முடியாதவரால் இன்றைக்கு இட்லியா தோசையா என்று சொல்ல முடியும். பேச்சு நின்ற பிறகும் வாயை இறுக்கி மூடி, முகத்தைத் திருப்பி, 'வேண்டாம்' என்று சொல்ல முடியும். அந்த 'வேண்டாம்' இல்லத்தில் எடுபட வேண்டுமானால் அவரை நன்றாக அறிந்த ஒருவர் அங்கே தொடர்ந்து வந்துபோக வேண்டும். அவர் விருப்பத்தைக் காப்பதும் வீட்டார் பங்கெடுப்பதும் இரண்டு தனி வேலைகள் அல்ல.

2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்த நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் குடும்பங்கள் மதுரையிலும் சுற்றியுள்ள மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதிகளிலும் நிறைய உண்டு. 'ஹோம்ல கொண்டுபோய்த் தள்ளிட்டாங்க' என்ற ஊர்ப் பேச்சுக்குப் பயந்து, சேர்த்த பிறகு யாரிடமும் சொல்லாமல், போவதையும் குறைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வெட்கத்தின் விலையைக் கொடுப்பவர் உள்ளே இருக்கும் பெரியவர்தான்.

சேர்ப்பதற்கு முன்பு: காகிதங்கள்

நோய் தொடக்க நிலையில் இருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலை இது. காலையில், அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், ஒரு நாளைக்கு ஒரு விஷயம் என்று பேசுங்கள்.

பவர் பத்திரம் எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, பவர் கொடுத்தவர் மனத்திறன் இழந்தால் அந்தப் பவர் முடிவுக்கு வந்துவிடும். தேவைப்படும் நேரத்தில்தான் அது கைகொடுக்காமல் போகிறது. ஆகவே பென்ஷன் வரும் வங்கிக் கணக்கை, வங்கி இடம் கொடுத்தால், இருவரில் எவர் வேண்டுமானாலும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்காக முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள். உயில் எழுத விரும்பினால் இரண்டு சாட்சிகளோடு, அன்றைய மனத்தெளிவு பற்றி டாக்டரின் சான்றையும் சேர்த்து எழுதச் செய்யுங்கள். எதுவும் செய்யாமல் காலம் கடந்துவிட்டால், சட்டபூர்வக் காப்பாளராக நியமிக்கக் கோரி உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடும் வழிதான் பெரும்பாலும் மிஞ்சுகிறது. செலவும் அலைச்சலும் அதிகம்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் ஒரு எளிய வசதி தருகிறது. தன் சிகிச்சை விஷயத்தில் தனக்குத் துணைநிற்க ஒரு பிரதிநிதியைப் பெரியவரே நியமிக்கலாம். வெள்ளைத் தாளில் எழுதி, கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும். நியமிக்கப்படுபவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும், எழுத்தில் சம்மதம் தர வேண்டும். மூத்த மகன்தான் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அவர் யாரை நம்புகிறாரோ அவர் பெயரை அவரே சொல்லட்டும்.

இல்லத்தைப் பார்க்கப் போகும்போது

காலை பதினொரு மணிக்குப் போனால் எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் போங்கள். மறதி நோய் உள்ளவர்களுக்குப் பதற்றம் கூடுகிற நேரம் அது, பகல் ஊழியர்கள் கிளம்பி இரவு ஊழியர்கள் வரும் நேரமும் அதுதான். நாற்காலியோடு யாரையாவது துண்டாலோ பழைய புடவையாலோ கட்டியிருக்கிறார்களா? பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி நைட்டியில், ஒரே மாதிரி ஒட்ட வெட்டிய தலையோடு இருக்கிறார்களா? 'ஏய் பாட்டி, உக்காரு' என்கிறார்களா, பெயரோ முறையோ சொல்லிக் கூப்பிடுகிறார்களா?

நிர்வாகியிடம் நூறு கேள்வி கேட்க வேண்டாம். இதைக் கேளுங்கள்: 'ஒருத்தர் குளிக்க மாட்டேன்னு சொன்னா என்ன செய்வீங்க?' 'எப்படியாச்சும் குளிப்பாட்டிருவோம்' என்று பெருமையோடு பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். 'கொஞ்ச நேரம் விட்டு வேற ஆள் போய்க் கூப்பிடுவாங்க, அப்பவும் மாட்டேன்னா ஈரத்துணியால துடைச்சு விட்டுட்டு நாளைக்குப் பார்ப்போம்' என்பது வேலை தெரிந்தவர்களின் பதில். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர், சமூக நலத்துறைப் பதிவு நடப்பில் இருக்கிறதா, வீட்டார் எந்த நேரமும் வரலாமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 'ஞாயிறு மூணு மணியிலிருந்து அஞ்சு மணி வரைதான்' என்ற கட்டுப்பாடு நல்ல அறிகுறி அல்ல.

'ரெண்டு நாள் ஆஸ்பத்திரில இருந்துட்டு வந்துரலாம்' என்று ஏமாற்றிக் கூட்டிவராதீர்கள். சொன்ன வார்த்தை மறந்தாலும் ஏமாற்றப்பட்ட கலக்கம் தங்கிவிடும். சேர்ப்பதற்கு முன் இரண்டு மூன்று முறை பகலில் கூட்டிப்போய், டீ குடித்து, ஒருவேளை சாப்பிட்டு வாருங்கள். அறையில் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது, எந்தச் சாமி படம் வைப்பது என்பதை அவரே காட்டட்டும்.

வாழ்க்கைக் குறிப்பு: இரண்டு பக்கம்

வீட்டார் இல்லத்துக்குத் தரக்கூடிய எல்லாவற்றிலும் பெரியது இதுதான். இருபது பக்கம் எழுதினால் எந்த ஆயாவும் படிக்க மாட்டார். இரண்டு பக்கம், பெரிய எழுத்து, பிளாஸ்டிக் உறையில், கட்டிலுக்கு அருகே. நோயின் பெயர், மலம் சிறுநீர் பற்றிய விவரங்களைத் தனித்தாளில் எழுதி நர்ஸ் மேசையில் வைக்கச் சொல்லுங்கள். சுவரில் தொங்குவதை வருவோர் போவோர் எல்லாம் படிப்பார்கள்.

முதல் வரி, அவரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பது. முப்பது வருடம் பள்ளியில் பணியாற்றியவர் 'டீச்சர்' என்றால் திரும்பிப் பார்ப்பார், 'பாட்டி' என்றால் பார்க்க மாட்டார். சிலருக்கு ஏட்டய்யா, சிலருக்கு அப்பத்தா, சிலருக்கு ஆச்சி. இளைய வயது ஊழியர்கள் 'வாங்க, போங்க' என்றுதான் பேச வேண்டும் என்பதையும் கூச்சப்படாமல் எழுதுங்கள்.

இரண்டாவது, மொழி. மறதி நோய் முற்றும்போது பின்னால் கற்ற மொழி முதலில் நழுவி, தாய்மொழி மிஞ்சுவது பலருக்கும் நடக்கும். மதுரையில் இது சின்ன விஷயம் இல்லை. வீட்டில் சௌராஷ்டிரம் பேசி வளர்ந்தவர், தெலுங்கு பேசி வளர்ந்தவர் எத்தனையோ பேர். வாழ்நாளெல்லாம் சரளமாகத் தமிழ் பேசிய அம்மா திடீரென்று 'உளறுகிறார்' என்று ஊழியர்கள் குறித்து வைப்பார்கள். அவர் பேசுவது உளறல் இல்லை, சௌராஷ்டிரம். தண்ணீர், பசி, வலி, போதும், வேண்டாம், வா, கழிப்பறை என்று இருபது முப்பது சொற்களை அந்த மொழியில், தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

தமிழிலேயே கூட இந்தச் சிக்கல் உண்டு. கிராமத்துப் பெரியவர் 'வெளிய போகணும்' என்றால் பல நேரம் அவருக்கு மலம் கழிக்க வேண்டும். ஊழியர் அதை 'இல்லத்தை விட்டு ஓடப் பார்க்கிறார்' என்று எடுத்துக்கொண்டு கதவைச் சாத்துவார், அவர் கதவைத் தட்டுவார், கொஞ்ச நேரத்தில் வேட்டி அசிங்கமாகும், ஏட்டில் 'முரட்டுத்தனம்' என்று ஒரு வரி ஏறும். 'ஒதுங்கணும்', 'கொல்லைக்குப் போகணும்' எல்லாம் இதே வகை. உங்கள் வீட்டில் புழங்கிய சொல் எதுவோ அதை எழுதுங்கள்.

பிறகு நாள் நடப்பு. எத்தனை மணிக்கு எழுவார், எழுந்ததும் என்ன செய்வார், காபி தம்ளரிலா டவரா செட்டிலா, மதியம் படுப்பாரா, ராத்திரி விளக்கு வேண்டுமா. மில்லில் ஷிப்டு வேலை பார்த்தவர் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சட்டை போட்டுக்கொண்டு நின்றால் அது நோய் மட்டும் இல்லை, நாற்பது வருடப் பழக்கம். மார்க்கெட்டில் பூவோ காய்கறியோ விற்றவருக்கு விடிகாலை மூன்று மணிதான் நாளின் தொடக்கம். அவரை மறுபடி படுக்க வைக்கப் போராடுவதைவிட ஒரு டீ கொடுத்து உட்கார வைப்பது எல்லோருக்கும் நல்லது.

வெற்றிலை, பொடி, பீடி பழக்கங்களை மறைக்காதீர்கள். சேர்த்த முதல் வாரத்தில் காணும் எரிச்சலுக்கும் தூக்கமின்மைக்கும், இருந்த பழக்கம் ஒரே நாளில் நின்றுபோனது காரணமாக இருக்கலாம். டாக்டரிடம் சொன்னால் வழி உண்டு. பாக்கு வாய்ப்புற்றுநோய் தரக்கூடியது, விழுங்கச் சிரமப்படுபவருக்கு அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. பாக்கை விட்டு வெற்றிலையை மட்டும் சின்ன உரலில் இடிக்கக் கொடுத்தால் பலர் அந்த இடிக்கிற வேலையிலேயே அமைதியாகிறார்கள்.

கடைசியாக, எது பயம், எது ஆறுதல். நாய்க்குப் பயமா, இருட்டுக்கா, சீருடை போட்டவர்களுக்கா? எந்தப் பாட்டு, எந்தச் சாமி, எந்த வாசனை? மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தத் தாளைத் திருத்துங்கள். பழைய தாள் சில சமயம் கெடுதலே செய்யும், முன்பு பிடித்தது இப்போது பிடிக்காமல் போயிருக்கும்.

முதல் ஆறு வாரம்

'பதினஞ்சு நாள் யாரும் வராதீங்க, அப்பத்தான் பழகுவாங்க' என்று சில இல்லங்களில் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத புதிய இடத்தில் அவர் அடங்கிப்போவதைப் 'பழகிட்டார்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். முதல் வாரம் தினமும் ஒரு மணி நேரமாவது, முடிந்தால் ஒரே நேரத்தில், ஒருவர் மாற்றி ஒருவர் போங்கள். அடுத்த இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள். பிறகு உங்களால் விடாமல் கடைப்பிடிக்க முடிகிற அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம்.

கையில் கொஞ்சம் பணம் இருக்கட்டும். சுருக்குப்பையிலோ பர்சிலோ பத்து, இருபது ரூபாய்த் தாள்களாக நூறு ரூபாய். தொலைந்தால் தொலையட்டும். 'பஸ்சுக்குக் காசில்லையே' என்ற தவிப்பு மாலை நேரத்தில் பலரை வாட்டுகிறது, மடியைத் தொட்டுப் பார்த்துக் காசு இருந்தால் அது அடங்குகிறது. நகையை வீட்டில் வைக்கச் சொல்வார்கள், அது நியாயம். ஆனால் தாலியைக் கழற்றும்போது உடனே மஞ்சள் கயிறு போட்டுவிடுங்கள். வெறுங்கழுத்தைத் தொட்டுப் பார்க்கும் அம்மா, கணவர் இறந்துவிட்டார் என்று அழுவார். அடுத்த நாளும் அழுவார்.

அன்றாட முடிவுகளில் அவர் கை

கேட்கும் விதம்தான் பாதி வேலை. 'என்ன சாப்பிடுறீங்க?' என்ற திறந்த கேள்விக்குப் பதில் தேட முடியாமல் 'எதுவோ கொடு' என்பார். அதை வைத்து அவருக்கு விருப்பமே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். இரண்டு பொருளைக் கண்முன் காட்டி, 'இதா, இதா?' என்று கேளுங்கள். கேட்டதும் பேசாமல் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பதில் வரத் தாமதமாகிறதே தவிர வராமல் இல்லை. நடுவில் வேறு வார்த்தை போட்டுக் கேட்டால் அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மூன்றாவது பொருளைக் காட்டாதீர்கள்.

உடை: வாழ்நாள் முழுக்கப் புடவை கட்டியவரை நைட்டிக்கு மாற்றுவது ஊழியர்களுக்கு வசதி. அவருக்கு அது அரைகுறை உடையில் ஆட்கள் நடுவே உட்காருவது. கொசுவம் தைத்து, இடுப்பில் ஒட்டும் பட்டி வைத்த புடவையைத் தையல்காரரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம், ஏழெட்டு இருந்தால் வாரம் ஓடும். நைட்டிதான் வழி என்றால் மேலே போட ஒரு துண்டு எப்போதும் கூடவே இருக்கட்டும். ஆண்களுக்கு ஒட்டிக்கொள்ளும் வேட்டி கடைகளிலேயே கிடைக்கிறது. எல்லாத் துணியிலும் உள்பக்கம் பெயர் எழுதுங்கள், இல்லாவிட்டால் சலவைக்குப் போய்த் திரும்பும்போது இன்னொருவர் புடவைதான் வரும்.

குளியல்: சண்டை அதிகம் நடக்கும் இடம். தலைக்கு மேலிருந்து திடீரென்று கொட்டும் ஷவர் பயமுறுத்தும். அவருக்குத் தெரிந்தது வாளியும் செம்பும். 'குளிக்க வாங்க' என்பதற்குப் பதில் 'வெந்நீர் வெளாவி வச்சிருக்கேன்' என்றால் காலம்காலமாகக் கேட்ட பேச்சு, கால் தானாக வரும். வாளி, சோப்பு, துண்டு, மாற்று உடை எல்லாம் முன்பே உள்ளே இருக்க வேண்டும். அவரைப் பாதியில் நனைத்துவிட்டுத் துண்டு எடுக்க ஓடக் கூடாது. பெண்களுக்குப் பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டிக் குளிக்கும் வழக்கத்தை அப்படியே விடுங்கள். முழுதும் உடை களைந்து நிற்கச் சொன்னால் அவர் அடிப்பதில் வியப்பில்லை. முதல் செம்பைக் காலில் ஊற்றுங்கள், செம்பை அவர் கையிலேயே கொடுத்தால் இன்னும் நல்லது. தலைக்குக் கடைசி, அதுவும் தினமும் வேண்டியதில்லை. எண்ணெய்க் குளியல் பழக்கம் உள்ளவர்களுக்கு ஆண்களுக்கு புதன் சனி, பெண்களுக்கு செவ்வாய் வெள்ளி என்ற கணக்கு இன்னும் நினைவில் இருக்கும், இல்லத்தின் 'தலைக்குளியல் அட்டவணை' அதோடு ஒத்துப்போனால் எதிர்ப்பு குறையும். எண்ணெய் தேய்த்த பாதம் வழுக்கும், ரப்பர் பாய் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத்தான்.

சாப்பாடு: வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு கண்ணுக்குத் தெரியாது. பளபளக்கும் எவர்சில்வர் தட்டு கண்ணைக் கூசும். வாழை இலை பச்சை, அதில் சோறு தெளிவாகத் தெரிகிறது. இலையைப் பார்த்ததும் சாப்பிட உட்கார வேண்டும் என்பதும் உடம்புக்குத் தெரியும். தினமும் முடியாவிட்டால் பச்சை அல்லது நீல நிறத் தட்டு. கையால் எடுத்துச் சாப்பிட முடிகிறவரை ஸ்பூனால் ஊட்டாதீர்கள், சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம். பிசைய முடியாதவருக்கு உருண்டை பிடித்து வையுங்கள். மினி இட்லி, பணியாரம், கொழுக்கட்டை, வாழைப்பழத் துண்டு எல்லாம் நடந்துகொண்டே சாப்பிடலாம். விழுங்கச் சிரமம் தொடங்கியவருக்கு ஆபத்தானது தண்ணியான ரசம் சாதம். நீர் தொண்டைக்கு முந்திப்போய்ப் புரையேறும். குழையப் பிசைந்த தயிர்சாதம் பெரும்பாலும் இறங்கும். நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். மதுரை வெயிலுக்கு, குறிப்பாகக் கத்திரி நாட்களில், தாகம் தெரியாமல் உடல் வறண்டுபோகும். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காக டாக்டர் குறைக்கச் சொல்லாதவரை ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். மோர், பானகம், இளநீர், தர்பூசணி எல்லாம் கணக்கில் சேரும்.

கழிப்பறை: தரையோடு இருக்கும் கழிப்பறைக்கே பழகியவருக்கு வெஸ்டர்ன் கோப்பை என்னவென்றே பிடிபடாமல் போகலாம், மூலையில் உள்ள சாக்கடை ஜாலியில் உட்காருவார். கோப்பைக்கு அடர்நிற இருக்கை, கதவைத் திறந்தே வைத்து உள்ளே விளக்கு, கைக்கு எட்டும் இடத்தில் வாளியும் மக்கும். இரண்டு மணிக்கு ஒருமுறை கூட்டிப்போனால் டயப்பர் தேவையே பலருக்குத் தள்ளிப்போகும். நடக்கத் தெரிந்தவருக்குப் பகலில் டயப்பர் போடுவதை ஏன் என்று கேளுங்கள்.

கைக்கு வேலை

பெயர் மறந்த பிறகும் கைப்பழக்கம் நிற்கும். பூக்கட்டத் தெரிந்த அம்மாவிடம் கால் கிலோ மல்லிகையும் நனைத்த வாழைநாரும் கொடுத்துப் பாருங்கள். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், நாரை விரலில் சுற்றி இழுப்பது தானாக வரும். பார்வை மங்கியவருக்குப் பெரிய மொட்டாகத் தேர்ந்தெடுங்கள். கட்டிய சரம் இல்லத்துச் சாமி படத்துக்குப் போகட்டும், அவிழ்த்து மறுநாள் மறுபடி கட்டக் கொடுத்தால் அது வேலை இல்லை, ஏமாற்று. கீரை ஆய்வது, பட்டாணி உரிப்பது, துணி மடிப்பது, சில்லறை அடுக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் இதே வகை. கணக்கெழுதிய கடைக்காரருக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். குழந்தைகளின் கலர் புத்தகத்தைத் தராதீர்கள்.

'வீட்டுக்குப் போகணும்'

இதுதான் உங்கள் வீடு என்று திருத்துவதும், வீட்டை விற்றாச்சு என்று உண்மை சொல்வதும் பயன் தராது. இறந்துபோன தாயைத் தேடுபவரிடம் ஒவ்வொரு முறையும் சாவுச் செய்தி சொல்வது கொடுமை. 'வீட்ல இப்ப யார் காத்துட்டு இருப்பாங்க?', 'அம்மா என்ன சமைப்பாங்க?' என்று அவர் இருக்கும் இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். கூடவே உடம்பைப் பாருங்கள்: பசி, சிறுநீர், வலி, புழுக்கம், சத்தம். நான்கரை மணிக்கே விளக்குகளைப் போட்டு, டிவியை அணைத்து, சுண்டலும் டீயும் கொடுத்து, வாசல்வரை ஒரு நடை போய்வந்தால் மாலைப் பதற்றம் பல நாள் வராமலே போகும். வாசலில் கிடக்கும் செருப்புக் குவியல் கண்ணில் பட்டால் கிளம்ப வேண்டும் என்ற எண்ணம் வரும், அதை மூடிய அலமாரிக்கு மாற்றச் சொல்லுங்கள்.

ஆபத்தும் ஆசையும்

விழுந்துவிடுவார் என்று உட்கார வைத்தே இருந்தால் சில வாரங்களில் தசை கரைந்து உண்மையிலேயே நடக்க முடியாமல் போகும். பின்பட்டி உள்ள செருப்பு, வழுக்காத தரை, சுவரோரம் பிடி, வெயில் ஏறுமுன் தினமும் நடை. சர்க்கரை நோயாளி வெறுங்காலுடன் மதிய முற்றத்தில் நடக்கக் கூடாது, சூடு உறைக்காமல் பாதம் வெந்துவிடும்.

இனிப்பு விஷயத்தில் வீட்டாரும் இல்லமும் அளவுக்கு மீறிக் கறாராக இருக்கிறார்கள். மறதி நோய் உள்ள முதியவருக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு (HbA1c) 8 முதல் 8.5 சதவீதம் வரை இருந்தால்கூட ஏற்கலாம் என்பது இன்றைய மருத்துவ வழக்கம். சாப்பிடாமல் மாத்திரையோ இன்சுலினோ போட்டுச் சர்க்கரை இறங்குவதுதான் பெரிய ஆபத்து. அவர் டாக்டரிடம் இலக்கைக் கேட்டு, காலைக் காபிக்கு அரை ஸ்பூன் சர்க்கரை உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கோயிலுக்குப் போக ஆசைப்பட்டால் பிரதோஷக் கூட்டத்தில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கூட்டிப்போவதைவிட, விடிகாலையில் தெருப் பிள்ளையார் கோயிலோ, வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு நடையோ நல்லது. அழகர் ஆற்றில் இறங்குவதை டிவியில் பார்க்க வையுங்கள், பக்கத்தில் வீட்டார் ஒருவர் இருந்து, சத்தத்தைக் குறைத்து. ஒவ்வொரு ஆசைக்கும் ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள்: அவர் கேட்பது என்ன, கெடுதல் என்ன வரலாம், மறுத்தால் அவர் இழப்பது என்ன, ஆபத்தைக் குறைக்க என்ன செய்யலாம். வீட்டாரும் இல்லமும் கையெழுத்திட்டால், நாளை சிறு காயம் ஏற்பட்டாலும் பழி ஆயா தலையில் விழாது. அந்தப் பயம் போனால்தான் ஊழியர்கள் அவரை நடக்க விடுவார்கள்.

போய்ப் பார்ப்பது

'நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்' என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். 'நான் உங்க மூத்த மக, வந்திருக்கேன்ப்பா' என்று நீங்களே சொல்லுங்கள். அரை மணி, முக்கால் மணி போதும், ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். வெறுமனே எதிரே உட்காராமல் நகம் வெட்டுங்கள், தலை வாருங்கள், ஆல்பம் புரட்டுங்கள், சேர்ந்து சாப்பிடுங்கள். கிளம்பும் நேரத்தைச் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்து வைத்தால் பிரிவு லேசாகிறது, தட்டு வந்ததும் ஊழியர் பக்கத்தில் உட்காருவார், நீங்கள் 'வரேன்ப்பா' என்று எழலாம். பேச்சு போனவரிடமும் பேசுங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருப்பவர்கள் இந்திய நேரம் காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள் வாரம் இரண்டு முறை கூப்பிடுங்கள். திரையில் தெரியும் முகம் சிலரைக் குழப்பும், அவர்களுக்குக் குரல் மட்டும் போதும். அறையில் கேமரா வைக்க விரும்பினால் அவரிடமும் இல்லத்திடமும் கேட்டு வையுங்கள். அதிலிருந்து எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அவர் நினைவோடு இருந்தால் அதற்குச் சம்மதிப்பாரா என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

குடும்பத்துக்குள்ளும் இல்லத்தோடும்

இல்லத்துக்குத் தொடர்பு ஆள் ஒருவர், அவர் இல்லாதபோது ஒருவர். ஆளுக்கொரு உத்தரவு போட்டால் ஊழியர்கள் யார் சொல்வதையும் கேட்க மாட்டார்கள். பணம் கட்டுபவரே முடிவெடுப்பார் என்ற எண்ணம் அண்ணன் தம்பிகளுக்குள் சத்தமில்லாமல் புகுந்துவிடும், தினமும் போய்ப் பார்க்கும் மகளோ மருமகளோ சொல்வது அமுங்கிப்போகும். செலவு, வருகை, டாக்டர், உடை என்று பொறுப்பைப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

சேர்த்த இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை முக்கால் மணி நேரக் கூட்டம் கேளுங்கள். நிர்வாகி மட்டும் வந்தால் பயன் இல்லை, அவரைக் குளிப்பாட்டி ஊட்டும் ஆயா அவசியம் இருக்க வேண்டும். முதல் பத்து நிமிடமாவது பெரியவரும் இருக்கட்டும், அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி மூன்றாம் மனிதர்போலப் பேசாதீர்கள். எடை ஏறியதா இறங்கியதா (ஒரே மாதத்தில் 5 சதவீதம் இறங்கினால் டாக்டரைப் பார்க்க வேண்டும்), விழுந்தாரா, எதை மறுக்கிறார், எது செய்யும்போது முகம் மலர்கிறது, மருந்தில் என்ன மாறியது என்று கேளுங்கள்.

தனியாக ஆயாவின் கையில் இருநூறு ரூபாய் திணிக்கும் வழக்கம் நல்லதல்ல. கொடுக்க ஆளில்லாத பக்கத்துக் கட்டில்காரருக்கு அதனால் கவனிப்பு குறைகிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எல்லா ஊழியர்களுக்கும் பொதுவில் கொடுங்கள். குறை இருந்தால் தேதி, நேரம், பார்த்தது என்ன என்று எழுதி நிர்வாகியிடம் முதலில் கொடுங்கள். சரியாகாவிட்டால் மாவட்டச் சமூக நல அலுவலகம், முதியோர் உதவி எண் 14567. கவனிப்பதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தை வைத்துக்கொண்டு கைவிட்டால், 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் கோட்டாட்சியரிடம் முறையிடலாம். கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த பத்திரத்தை 23-ஆம் பிரிவின் கீழ் ரத்து செய்ய வழி உண்டு.

மருந்தும் கட்டிப்போடுவதும்

ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் அது பெரும்பாலும் நோய் முற்றியது அல்ல. சிறுநீர்த் தொற்று, மூன்று நாள் மலச்சிக்கல், வலி, நீர் வறட்சி, சர்க்கரை அல்லது சோடியம் இறங்கியது, புதிதாகச் சேர்த்த மாத்திரை, இப்படி வேறு காரணம் இருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். சளிக்கும் அரிப்புக்கும் சாதாரணமாகத் தரப்படும் அவில் போன்ற பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள்கூட மறதியைக் கூட்டும்.

அமைதிப்படுத்த என்று தரும் மனநோய் மருந்துகள், மறதி நோய் உள்ள முதியவர்களுக்குப் பக்கவாதமும் மரணமும் நேரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. சில நேரம் அவை தேவைப்படலாம். எதற்காக, எவ்வளவு நாள், யார் மறுபரிசீலனை செய்வார், எப்போது நிறுத்துவோம் என்ற நான்குக்கும் பதில் வாங்குங்கள், ஆறு வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். லூயி பாடி என்ற வகை மறதி நோய் இருந்தால் ஹாலோபெரிடால் ஊசி உயிருக்கே ஆபத்து, கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பில் எழுதி வையுங்கள். கட்டிப்போடுவது, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு மட்டும் என்பது மனநல நிலையங்களுக்கு 2017 சட்டம் விதித்த வரம்பு. தண்டனையாகவோ ஆள் குறைவுக்காகவோ கட்டுவதற்கு எங்கும் இடமில்லை.

கடைசிக் கட்டம்

சாப்பிடுவது குறையும்போது மூக்குக் குழாய் போடலாமா என்ற கேள்வி வரும். முற்றிய நிலையில் குழாய் ஆயுளைக் கூட்டுவதாகவோ புரையேறி வரும் நிமோனியாவைத் தடுப்பதாகவோ ஆய்வுகள் காட்டவில்லை. விரும்பும் அளவு, விரும்பும் நேரத்தில், பொறுமையாகக் கையால் ஊட்டுவதே மேல். பலர் குழாயைப் பிடுங்குவார்கள், பிறகு கையைக் கட்டுவார்கள். தொடக்க நிலையிலேயே அவர் மனம் அறிந்து எழுதிய உயிர்விருப்ப ஆவணம் (கடைசி நேரத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது) இருந்தால் பிள்ளைகளுக்குள் சண்டை வராது. 2023-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் நடைமுறையை எளிதாக்கிய பிறகு, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் அதை எழுதலாம்.

நடுராத்திரியில் மூச்சு மாறினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா, அறையிலேயே வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதா என்பதை முன்கூட்டியே கோப்பில் எழுதுங்கள். முதலில் யாருக்குப் போன் செய்ய வேண்டும், வாயில் ஊற்ற வேண்டிய தீர்த்தமோ துளசித் தண்ணீரோ எங்கே இருக்கிறது, ஓத வேண்டியது யார் ஓதுவார், வீட்டார் இரவு தங்க இடம் உண்டா, இறப்புச் சான்றுக்கு எந்த டாக்டர் எந்த நேரமும் வருவார், ஊருக்கு எடுத்துப் போக வண்டி யாரிடம் என்பதெல்லாம் அதே தாளில் இருக்கட்டும். தாளின் ஒரு பிரதி நர்ஸ் மேசையில், ஒன்று தொடர்பு ஆளின் கையில்.